கலகலப்பாகப் பேசும் பெண்ணுக்கும் அதிகம் பேசாத ஆணுக்கும் ஒத்துப்போகுமா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். வீட்டில் பார்த்திருக்கும் மாப்பிள்ளையோடு இரண்டு தடவை போனில் பேசியிருக்கிறீர்கள். நீங்கள் நாற்பது நிமிடம் பேச, அவர் 'ம்', 'சரிங்க', 'அப்படியா' என்பதோடு நிறுத்திக்கொண்டார். அம்மா "அடக்கமான பையன்" என்கிறார். தோழி "காலம் பூரா சுவரோடதான் பேசணும்" என்கிறாள். சம்மதம் சொல்லலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மதுரை. செல்லூரில் கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவள். பெரியப்பா, சித்தப்பா குடும்பங்களோடு ஒரே வீட்டில் பதினோரு பேர். பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்குத் தமிழ் நடத்துகிறேன், வேலையும் பேச்சுதான். என் கணவருக்குத் தென்காசிப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்கு ஒரே பிள்ளை. வங்கிக் கிளை ஒன்றில் காசாளர். கல்யாணமாகி 14 வருடம் ஆகிறது. ஒத்துப்போகுமா என்றால், போகும். ஆனால் எங்களுக்கு முதல் மூன்று வருடம் போகவில்லை. அது ஏன் என்று சொன்னால்தான் உங்களுக்கு உதவும்.

சாயங்காலம் ஏழு மணிக்கு வருவார். செருப்பைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். அவர் முகம் கழுவிவிட்டு, காபி டம்ளரோடு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார்.

"என்னங்க, கோபமா?"

"இல்லையே."

"அப்ப ஏன் பேச மாட்டேங்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

இப்படி நாலைந்து தடவை கேட்டபின் அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிடும். "பாத்தீங்களா, கோபம்தான்" என்று நான் அழுவேன். அவர் மொட்டை மாடிக்குப் போய்விடுவார். அந்தக் கோபத்தைக் கிளறிக் கிளறி வரவழைத்ததே நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

காரணம் நான் வளர்ந்த வீட்டில் இருந்தது. அப்பா ஓயாமல் பேசுகிற மனிதர். அவர் வாயை மூடினால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று அர்த்தம். கடன் கொடுத்தவர் வந்து போயிருப்பார், இல்லையென்றால் பெரியப்பாவோடு மனஸ்தாபம். அம்மா சைகையாலேயே எங்களை அடுப்படிக்குள் அனுப்பிவிடுவாள். ஆக, எனக்குத் தெரிந்த மௌனம் பயப்பட வேண்டிய மௌனம் மட்டும்தான்.

என் கணவர் வீட்டு மௌனத்தை முதல் சாரல் காலத்தில் பார்த்தேன். மாமா, அத்தை, அவர் மூவரும் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள். முக்கால் மணி நேரம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தை எழுந்து உள்ளே வந்ததும் மெதுவாக, "ஏதும் பிரச்சினையா அத்தை?" என்று கேட்டேன். "பிரச்சினையா? சாரல் பாத்துட்டு இருக்கோம்லா" என்றார். அந்த வீட்டில் பேச்சில்லாமல் இருந்தால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் சண்டை முழுக்க இதுதான். ஒரே மௌனத்தை அவர் ஓய்வாக எடுத்துக்கொண்டார், நான் தண்டனையாக வாங்கிக்கொண்டேன்.

இதை முன்கூட்டியே புரிந்துகொள்ள நம் ஊர் நமக்கு வார்த்தை கொடுக்கவில்லை என்று எனக்கு வருத்தம் உண்டு. பெண் பார்க்க வரும்போது 'அடக்கமான பையன்', கல்யாணத்துக்கு அப்புறம் அதே ஆள் 'உம்மணாமூஞ்சி', 'அமுக்குணி', 'தலைக்கனம் பிடிச்சவன்'. அதிகம் பேசுகிற ஆண் 'கலகலப்பானவர்', பெண் என்றால் 'வாயாடி'. எல்லாமே தீர்ப்பு சொல்கிற வார்த்தைகள். இன்ட்ரோவர்ட் (உள்முகமானவர்), எக்ஸ்ட்ரோவர்ட் (வெளிமுகமானவர்) என்ற சொற்களில் அந்தத் தீர்ப்பு இல்லை, அதனால் அவை எனக்குப் பிடிக்கும். இந்தப் பிரிவைப் பரவலாக்கியவர் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் கார்ல் யூங், 1921-ல். மனதின் ஆற்றல் உள்நோக்கிப் போகிறதா வெளிநோக்கிப் போகிறதா என்பதுதான் அவர் பார்த்த வேறுபாடு. இன்றைய உளவியலில் இது இரண்டு பெட்டியாக இல்லை, ஒரே அளவுகோலின் இரண்டு முனைகள். பெரும்பாலானவர்கள் நடுவில் எங்கோ இருக்கிறார்கள். கூச்சம் என்பதும் வேறு விஷயம். கூச்சத்தில் பயம் இருக்கிறது. என் கணவர் கவுன்டரில் நாள் முழுக்க முகம் தெரியாதவர்களோடு பேசிப் பணம் எண்ணிக் கொடுப்பவர், அவருக்குப் பயம் ஏதும் இல்லை. ஏழு மணிக்கு அவரிடம் தீர்ந்துபோயிருப்பது பேச்சு, அவ்வளவுதான். எனக்கோ அதே நேரத்தில் பேசினால்தான் பகல் முழுக்கப் பட்ட அலுப்பு இறங்கும்.

இன்னொரு சம்பவம். பெரியப்பா மகள் கல்யாணம். மைக்செட் அலறுகிறது, மண்டபம் நிறைந்த கூட்டம். இவரைக் காணோம். தேடிப் போனால் மண்டபத்து மாடியில் தண்ணீர் தொட்டி நிழலில் தனியாக நிற்கிறார். "மாப்பிள்ளைக்கு நம்மளப் பிடிக்கல போல" என்று சித்தி சொன்னது என்னைக் குத்தியது. திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே சண்டை போட்டேன். வெகு நேரம் கழித்து அவர் சொன்னார்: "யாரையும் பிடிக்காம இல்ல. முப்பது பேர் ஒரே நேரத்துல பேசும்போது யார் பேச்சும் எனக்குள்ள எறங்க மாட்டேங்குது."

இதைச் சாக்கு என்றுதான் நினைத்தேன். பிறகு படித்த ஒரு விஷயம் என்னை யோசிக்க வைத்தது. 1960களில் லண்டனில் இருந்த உளவியலாளர் ஹான்ஸ் ஐசென்க், இன்ட்ரோவர்ட்களின் மூளை இயல்பிலேயே கூடுதலாக விழித்திருக்கிறது, அதனால் வெளித் தூண்டல் சீக்கிரமே அளவு மீறிவிடுகிறது என்று ஒரு கொள்கை சொன்னார். நாக்கில் நாலு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு உமிழ்நீரை அளந்து பார்த்தபோது இன்ட்ரோவர்ட்களுக்குக் கூடுதலாகச் சுரந்தது. மூளை பற்றிய அந்தக் கொள்கை முழுக்க அப்படியே நிற்கவில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் அதைச் சிக்கலாக்கிவிட்டன. ஆனாலும் அந்தச் சொட்டு எனக்குள் தங்கிவிட்டது. எனக்குப் பாட்டாகக் கேட்கிற மைக்செட் அவருக்கு நாக்கில் விழுந்த எலுமிச்சையாக இருக்கலாம் அல்லவா?

ஆனால் படித்ததால் மட்டும் நான் மாறவில்லை. என்னை மாற்றியது அப்பாவின் படுக்கை.

கல்யாணமாகி மூன்றாம் வருடம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூளையின் இடப்பக்கம். வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போய்விட்டது. அஃபேசியா என்றார்கள். நாம் சொல்வது அவருக்குப் பெரும்பாலும் புரியும், அவருக்குச் சொல்லவும் தெரியும், ஆனால் சொல் அகப்படாது. தண்ணீர் வேண்டுமென்றால் "த... த..." என்று தேடுவார். ஊரையே பேச்சால் கட்டிப்போட்ட மனிதர் அப்படித் திணறுவதை எங்களால் தாங்க முடியவில்லை. நான், அக்கா, அண்ணன் எல்லோரும் போட்டி போட்டுக்கொண்டு அவர் வாக்கியத்தை முடித்து வைத்தோம். "தண்ணியா? தலகாணியா? தலைவலியாப்பா?" அவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். அன்புதான், ஆனால் இருந்த ஒரு சொல்லையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டிருந்தோம்.

இரவு அப்பா பக்கத்தில் என் கணவர் இருந்தார். ஒன்பது இரவு. ஒரு நாள் விடியற்காலை ஃபிளாஸ்க்கில் காபியோடு போனேன், கதவு பாதி திறந்திருந்தது. அப்பா ஒரு சொல்லைத் தேடிக்கொண்டிருந்தார். இவர் கட்டில் கம்பியில் கை வைத்துக்கொண்டு அப்பா முகத்தைப் பார்த்தபடி இருந்தார். எதுவும் சொல்லவில்லை. நான் உள்ளே பாய்ந்திருப்பேன், காலைப் பிடித்து நிறுத்தியது எது என்று தெரியவில்லை. ஒரு நிமிடத்துக்கு மேலேயே ஆகியிருக்கும். "ஜன்... னல்" என்றார் அப்பா. இவர் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தார். பாராட்டவும் இல்லை, "சூப்பர் மாமா" என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லவும் இல்லை.

இரண்டு நாள் கழித்துப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்தவர் எங்கள் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னது இதைத்தான்: அவசரப்படுத்தாதீர்கள், அவருக்காக வாக்கியத்தை முடிக்காதீர்கள், ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள், சத்தத்தைக் குறையுங்கள், காத்திருங்கள். நாங்கள் பாடமாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்ததை என் கணவர் முதல் இரவிலிருந்தே செய்துகொண்டிருந்தார். அப்பா பின்னாளில் ஓரளவு பேச ஆரம்பித்தபோது என்னைவிட அவரிடம்தான் அதிகம் பேசினார். எனக்கு அதில் பொறாமை இல்லை. என் கணவரின் மௌனத்துக்குள் இவ்வளவு இடம் இருக்கிறது என்பது தெரியாமல் மூன்று வருடம் அதன் வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தேனே என்றுதான் அழுதேன்.

அதற்குப் பிறகுதான் நாங்கள் உட்கார்ந்து பேசினோம். நான் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "பேச வேண்டாம்னா வேண்டாம். ஆனா எப்பப் பேசுவீங்கன்னு சொல்லிட்டுப் போங்க." அதிலிருந்து எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். வந்ததும் "எட்டு மணி" என்பார். எட்டுக்கு அவரே வந்து உட்காருவார். எட்டு என்றால் எட்டுதான், எட்டரை ஆனதில்லை. இந்த நேரத்தைச் சொல்ல வேண்டியவர் தனிமை கேட்கிறவர்தான் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். காத்திருக்கிறவளையே "எப்ப?" என்று கேட்கவும் வைப்பது நியாயமில்லை. முடிகிற நேரம் தெரிந்த மௌனம் என்னைப் பயமுறுத்துவதில்லை. தெரியாவிட்டால் ஐந்து நிமிடம்கூட நீளம்.

சண்டைக்கும் இதே வழிதான். தம்பதிகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் ஏறாது, குறைந்தது 20 நிமிடம் விலகியிருந்துவிட்டுத் திரும்ப வேண்டும் என்கிறார். திரும்ப வேண்டும் என்பது அதில் பாதி. அதைச் சொல்லாமல் மாடிக்குப் போவதால்தான் என் போன்றவர்கள் படிக்கட்டு வரை துரத்திக்கொண்டு போகிறோம். அதே காட்மன், தம்பதிகளின் தகராறுகளில் சுமார் 69 சதவீதம் ஒருபோதும் தீராதவை, இருவரின் குணத்திலேயே வேர் கொண்டவை என்றும் சொல்கிறார். இதைப் படித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. அவரை மாற்றிவிடலாம் என்ற எண்ணத்தை அன்றோடு விட்டேன்.

விசேஷங்களுக்கும் ஒரு ஏற்பாடு உண்டு. முகூர்த்தத்துக்கு இருவரும் போவோம். பெரியவர்களிடம் அவரே போய் நலம் விசாரிப்பார், முதல் பந்தியில் சாப்பிடுவார், வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் சாயங்காலம் வரை இருந்துவிட்டு அக்காவோடு வருவேன். உறவில் இரண்டு வருடம் முணுமுணுத்தார்கள், இப்போது கேட்பதே இல்லை. என் பக்கமும் ஒன்றை மாற்றிக்கொண்டேன். என் பேச்சு மொத்தத்தையும் ஒரே மனிதர் தலையில் இறக்குவதை நிறுத்தினேன். ஸ்டாஃப் ரூமும் அக்காவும் எதற்கு இருக்கிறார்கள்?

உங்கள் தோழி சொன்னதிலும் ஒரு எச்சரிக்கை இருக்கிறது, அதைத் தள்ளிவிடாதீர்கள். நண்பர்களிடம் மணிக்கணக்கில் பேசிவிட்டு உங்களிடம் மட்டும் 'ம்' போடுகிறாரா? நீங்கள் ஒன்றை மறுத்ததும் நாள்கணக்கில் பேச்சை நிறுத்திவிட்டு, நீங்களாகப் போய் மன்னிப்புக் கேட்கும்வரை விடவில்லையா? அது இன்ட்ரோவர்ட் குணம் கிடையாது. அது உங்களை அடக்கிவைக்கும் வழி. ஊடல் வேறு, ஓய்வு வேறு, இது வேறு. அந்த மூன்றாவதற்கு நான் சொன்ன எதுவும் பயன்படாது. அப்படி ஏதும் தெரிந்தால் தயங்காமல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இரண்டு போன் பேச்சை வைத்து முடிவு செய்ய வேண்டாம். போன் என்பது உங்களுக்கு வசதியான களம். முடிந்தால் நேரில் ஒரு முறை பாருங்கள், கூட்டமில்லாத இடமாக. "ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு உலகத்தில் யாரிடமும் பதில் இல்லை. "ஒரு ஞாயிற்றுக்கிழமை எப்படிப் போனா உங்களுக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். உங்கள் ஞாயிறு எப்படி இருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள், வீடு நிறைய ஆட்கள் வந்தால்தான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதையும். கேட்டுவிட்டு நீங்களே அந்த இடைவெளியை நிரப்பிவிடாமல் இருங்கள். உடனே பதில் வராவிட்டால் விடுங்கள். என் கணவர் நிச்சயத்துக்கு முன் நான் கேட்ட ஒரு கேள்விக்கு நேரில் தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு நாள் கழித்து இரவு பதினோரு மணிக்கு எஸ்எம்எஸ்ஸில் பதில் வந்தது. ஆறு பாகமாக வந்தது. இன்னும் வைத்திருக்கிறேன்.