கோபக்கார நாத்திகர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர் வீட்டில் ‘காட்ஸ் நாட் டெட்’ (2014) பார்த்தோம். அவர் தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். படம் முடிந்ததும் என்னிடம், “உனக்கும் கடவுள்மேல ஏதாவது கோபமா?” என்றார். கோபமெல்லாம் இல்லை, நம்பிக்கை வரவில்லை, அவ்வளவுதான் என்றேன். அவர் ஏற்கவில்லை. கிறிஸ்தவப் படங்களில் நாத்திகர்கள் எப்போதும் இப்படித்தானா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நண்பர் கேட்டது அந்தப் படத்தின் கேள்வி. தத்துவப் பேராசிரியர் ராடிசன் முதல் வகுப்பிலேயே ‘கடவுள் இறந்துவிட்டார்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். (முடிவை முதல் நாளே எழுதி வாங்கிவிட்டால் வருடம் முழுக்க எதைப் பாடம் நடத்துவாராம்?) ஜோஷ் என்ற மாணவன் மறுக்கிறான். பெருவெடிப்பு, பரிணாமம், உலகிலுள்ள தீமை என்று விவாதம் நடக்கிறது. ஆனால் அவன் ஜெயிப்பது அதிலெல்லாம் இல்லை. “கடவுளை ஏன் வெறுக்கிறீர்கள்?” என்று விடாமல் கேட்கிறான். எல்லாவற்றையும் என்னிடமிருந்து பறித்துக்கொண்டார் என்று பேராசிரியர் கத்திவிடுகிறார். பன்னிரண்டு வயதில் அம்மாவைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். ‘இல்லாத ஒருவரை எப்படி வெறுக்க முடியும்?’ என்கிறான் பையன். விவாதம் முடிந்துவிட்டது.

துக்கத்தில் கடவுளைக் கைவிட்டவர்கள் உண்டு. படம் அவர்களைப் பற்றியது என்றால் எனக்கு வழக்கில்லை. ஆனால் உங்களைப் போல, எந்தக் காயமும் இல்லாமல் யோசித்துப் பார்த்து நம்பாதவருக்கு அதில் ஒரு நாற்காலிகூடக் கிடையாது. கடைசியில் கொட்டும் மழையில் பேராசிரியர் மேல் கார் மோதுகிறது. தெருவிலேயே ஒரு போதகர் மண்டியிட்டு அவரை மனம் திரும்ப வைக்கிறார். நம்பிக்கையில்லாத இன்னொரு பாத்திரம், ஒரு பெண் வலைப்பதிவர். அவருக்குப் புற்றுநோய். சுமார் 20 லட்சம் டாலரில் எடுத்த படம் அமெரிக்காவில் மட்டும் 6 கோடி டாலரைத் தாண்டியது. ஏற்கெனவே நம்புகிறவர்களுக்காக எடுத்த படம்தான். உங்களை மாற்றும் அவசரம் அதற்கு இல்லை.

எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. ராபர்ட் பிரெஸ்ஸோன் 1951இல் எடுத்த ‘ஒரு கிராமப் பாதிரியாரின் நாட்குறிப்பு’ படத்தில் டெல்பாண்ட் என்று ஒரு டாக்டர் வருகிறார். நம்பிக்கை இல்லாதவர். நோயாளியான இளம் பாதிரியாரைப் பரிசோதித்துக்கொண்டே, நாமெல்லாம் ஒரே இனம், விழாமல் நிற்கிற இனம் என்கிறார். எதற்காக நிற்கிறோம் என்பது அவருக்கே தெரியாது. பிறகு காட்டில் குண்டு பட்டு இறந்து கிடக்கிறார். தற்கொலை என்று ஊர் பேசுகிறது. இங்கேயும் நாத்திகர் சாகத்தான் செய்கிறார், மறுக்கவில்லை. ஆனால் கடைசி மூச்சில் யாரும் அவரிடம் ஒப்புதல் வாங்கவில்லை. டாக்டரின் பழைய நண்பரான மூத்த பாதிரியார், அவன் நேர்மையான மனிதன், தீர்ப்பு கடவுளுடையது என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்ததும் நண்பரைக் கூப்பிட்டு இந்தப் படத்தைப் போடுங்கள். கறுப்பு வெள்ளை, ரொம்ப மெதுவாகப் போகும். டீ நிறையப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.