கொடைக்கானல் மலை உச்சியில் சூரிய ஆய்வகம் வந்தது எப்படி?

அதன் வேர் ஒரு பஞ்சத்தில் இருக்கிறது. 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். மழை ஏன் பொய்க்கிறது, சூரியனின் கரும்புள்ளிகளுக்கும் (அதன் முகத்தில் தோன்றி மறையும் கருமையான திட்டுகள்) பருவமழைக்கும் தொடர்பு உண்டா என்ற கேள்வி அப்போது தீவிரமாக எழுந்தது. விடை தேட, சூரியனை நாள் தவறாமல் கவனிக்க ஓர் இடம் வேண்டியிருந்தது.

சென்னை வானம் அதற்குத் தோதாக இல்லை. வானியலாளர் சார்லஸ் மிச்சி ஸ்மித் நீலகிரியையும் பழனி மலையையும் ஒப்பிட்டுப் பார்த்து, சுமார் 2,340 மீட்டர் உயரத்திலுள்ள கொடைக்கானலைப் பரிந்துரைத்தார். 1895-ல் ஆளுநர் வென்லாக் அடிக்கல் நாட்டினார். அப்போது மேலே போக வண்டிப்பாதையே கிடையாது! மலைப்பாதையில் ஆய்வகத்துக்கு வேண்டிய அத்தனையையும் ஏற்றிச் சென்ற கூலித் தொழிலாளர்களின் பெயர்கள் எந்த வரலாற்றுக் குறிப்பிலும் என் கண்ணில் படவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

முறையான பதிவுகள் 1901-ல் தொடங்கின. 1907-ல் வந்து சேர்ந்த வானியலாளர் ஜான் எவர்ஷெட், 1909 ஜனவரியில் கரும்புள்ளியின் நிறமாலைக் கோடுகள் (ஒளியை நிறங்களாகப் பிரித்தால் தெரியும் மெல்லிய கோடுகள்) வழக்கமான இடத்திலிருந்து விலகியிருப்பதைக் கண்டார். புள்ளியின் மையத்திலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்கிறது என்பதே அதன் பொருள். 'எவர்ஷெட் விளைவு' என்று இன்றும் உலகெங்கும் பாடமாகப் படிக்கிறார்களே, அது இந்த மலையில் பிறந்ததுதான்.