‘அப்பா மாதிரி ஆகிடாதே’

கேள்வி: என் மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். எந்நேரமும் போனில் யாரோ பைக் ஓட்டுகிற வீடியோதான். முன்மாதிரியாக ஒருவர் வேண்டுமே என்று அப்துல் கலாம் படத்தை வாங்கி அவன் மேசைக்கு எதிரே மாட்டினேன். நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை. கணவர் மின்வாரியத்தில் லைன்மேன். ‘அப்பா மாதிரி ஆகிடாதே’ என்று தினமும் சொல்லித்தான் வளர்க்கிறேன். வேறு யாரைத்தான் அவனுக்குக் காட்டுவது?

பதில்: பைக் வீடியோ கிடக்கட்டும் சகோதரி. ‘அப்பா மாதிரி ஆகிடாதே.’ போகிற போக்கில் இதை எழுதிவிட்டீர்கள். உங்கள் பிள்ளை தினமும் கேட்டு வளர்வது இதைத்தான்.

ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது மழையில் இறங்கிப் போகிறவர் உங்கள் கணவர். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைப் புரட்டிப்போட்டதே, ஒரு லட்சத்துக்கும் மேல் மின்கம்பங்கள் சாய்ந்தன. பல மாவட்டங்களிலிருந்து ஊழியர்கள் போனார்கள். தண்ணீர் நின்ற வயலில் கம்பங்களைத் தோளில் சுமந்துபோய் நட்டார்கள். உங்கள் கணவரும் போனாரா? மகனுக்குத் தெரியுமா? உங்களுக்காவது தெரியுமா?

அவன் படித்து வேறு வேலைக்குப் போகட்டும் என்று ஆசைப்படுவதில் தப்பே இல்லை. கம்பம் ஏறுகிறவரை அனுப்பிவிட்டு வீட்டில் காத்திருப்பவரின் பயமும் எனக்குப் புரிகிறது. ‘அப்பா படுகிற கஷ்டம் உனக்கு வேண்டாம்’ என்று சொல்லுங்கள். அப்பாவே வேண்டாம் என்பதுபோல் ஏன் சொல்கிறீர்கள்? வீட்டில் அப்பாவின் இடத்தை நீங்களே காலி செய்துவிட்டீர்கள். பைக் ஓட்டுகிறவன் வந்து உட்கார்ந்துகொண்டான்.

சரி, கலாமிடமே வருவோம். தன் கதையை அவர் ராக்கெட்டிலிருந்து சொல்லத் தொடங்கவில்லை, ராமேஸ்வரத்து வீட்டிலிருந்து தொடங்கினார். அப்பா ஜைனுலாப்தீனுக்குப் பெரிய படிப்பும் இல்லை, பணமும் இல்லை. யாத்ரீகர்களை ஏற்றிப்போக அவர் கட்டிய படகையும் புயல் கொண்டுபோனது. சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணமில்லாதபோது அக்கா ஜோஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். இதையெல்லாம் கலாம் கடைசிவரை பெருமையாகச் சொன்னார். அப்பாவைக் குறைத்துப் பேசுகிற வீட்டில் அந்தப் பெருமை எங்கிருந்து வரும்?

முதலில் மகன் முன்னால் கணவரிடம் மன்னிப்புக் கேளுங்கள். கஷ்டமாக இருக்கும், கேட்டுத்தான் ஆகவேண்டும். அப்புறம், அடுத்த மழை ராத்திரியில் அவருக்கு போன் வரும்போது மகனையும் எழுப்புங்கள். டார்ச்சையும் மழைக்கோட்டையும் அவன் எடுத்துக் கொடுக்கட்டும். அவர் திரும்பும்வரை உங்களோடு அவனும் விழித்திருக்கட்டும்.