பிரான்ஸில் காரில் போகும்போது எந்த ஊர்ச் சாப்பாட்டுக்காக வண்டியை நிறுத்தலாம்?

பாரிஸிலிருந்து தெற்கே காரில் போகிறோம், வழியில் ஒரு வேளையாவது அந்தந்த ஊர்க்காரர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட ஆசை, எங்கே நிறுத்தலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். ஏ75 வழியாகப் போவதாக இருந்தால் ஓப்ராக் மேட்டுநிலத்தில் நிறுத்தி, பாலாடைக்கட்டி கலந்த உருளைக்கிழங்கு மசியலான அலிகோ சாப்பிடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்.

ஏ75 என்பது கிளெர்மோன்-ஃபெரானிலிருந்து பெஸியே போகும் நெடுஞ்சாலை. மியோ பாலத்தைத் தவிர வேறெங்கும் சுங்கம் கிடையாது. ஓமோன்-ஓப்ராக்கில் வெளியேறி மேற்கே திரும்பினால் நாஸ்பினால்ஸ், ஓப்ராக், லாயோல் என்று ஊர்கள் வரும். 1,000 மீட்டருக்கு மேல் உயரம், மரம் குறைவு, கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளி. மேய்வதெல்லாம் கண்ணைச் சுற்றிக் கறுப்பு வளையம் போட்ட, பழுப்பு நிற ஓப்ராக் மாடுகள்.

அலிகோவில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. மசித்த உருளைக்கிழங்கு, வெண்ணெய், க்ரீம், கொஞ்சம் பூண்டு, இவற்றோடு தோம் ஃப்ரேஷ். இந்தத் தோம்தான் உயிர். லாயோல் பாலாடைக்கட்டி செய்யும்போது, உப்புச் சேர்ப்பதற்கு முன்பே எடுத்த இளம் கட்டி அது. அழுத்தி நீரை வடித்து லேசாகப் புளிக்க விடுவார்கள். அந்தப் புளிப்பு ஏறினால்தான் சூட்டில் நூல் விட்டு இழுபடும். முற்றிய பாலாடைக்கட்டியைப் போட்டால் எண்ணெய் பிரியுமே தவிர இழுவை வராது.

நான் சாப்பிட்ட இடத்தில் சமையல்காரர் செப்புப் பாத்திரத்தை மேசைக்கே கொண்டுவந்தார். மரத்துடுப்பால் அடியிலிருந்து வாரித் தூக்கினார். அவர் கை தலைக்கு மேலே போகிறது, அலிகோ அறுபடவே இல்லை. நம்மூர்த் திருவிழாவில் ஜவ்வு மிட்டாய் இழுப்பார்களே, அப்படியே. பிறகு துடுப்பை ஒரு சுழற்று சுழற்றி அறுத்துத் தட்டில் விட்டார். வாயில் வைத்தால் முதலில் வெண்ணெய், பின்னால் பூண்டு, கடைசியில் தயிர்ப் புளிப்பு. சூட்டோடு சாப்பிட்டுவிட வேண்டும், ஆறினால் இறுகிவிடும். அதனால்தான் பாக்கெட் அலிகோவை நம்பி நெடுஞ்சாலையிலேயே போய்விடாதீர்கள் என்கிறேன். உறைய வைத்தது பிரான்ஸ் முழுக்கக் கிடைக்கிறது, மோசமும் இல்லை. ஆனால் வாரித் தூக்கிய கையோடு தட்டில் விழுவதற்கு அது ஈடாகாது.

லெ ப்யூயிலிருந்து ஸ்பெயினின் சந்தியாகோவுக்கு நடந்து போகும் யாத்திரைப் பாதை இந்த மேட்டைத்தான் கடக்கிறது. ஓப்ராக் மடத்துத் துறவிகள் யாத்ரிகர்களுக்கு ரொட்டியில் தோம் கலந்து கொடுத்ததுதான் அலிகோவின் தொடக்கம் என்று ஊரில் சொல்வார்கள். உருளைக்கிழங்கு வந்தது வெகு காலம் கழித்து. கோடையில் மாட்டை ஓட்டிவந்து பாலாடைக்கட்டி செய்தவர்கள் தங்கிய கற்குடில்களுக்கு பூரோன் என்று பெயர். அவற்றில் சில இப்போது சாப்பாட்டுக் கடைகள். முடிந்தால் அங்கேயே சாப்பிடுங்கள், ஆனால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குளிர்காலத்தில் பல மூடியிருக்கும். மதியம் 12 மணிக்கே உட்கார்ந்துவிடுவது நல்லது, 2 மணிக்குச் சமையலறையை மூடிவிடுவார்கள்.

வழக்கமாகப் பன்றி இறைச்சி சாசேஜோடுதான் பரிமாறுவார்கள். வேண்டாமென்றால் அலிகோவும் சாலட்டும் மட்டும் கேளுங்கள். சைவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: லாயோல் பாலாடைக்கட்டிக்குப் பாலை உறைய வைப்பது கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட்.

நேரம் தப்பிவிட்டால் லாயோலில் பாலாடைக்கட்டிக் கூட்டுறவின் கடை இருக்கிறது. தோம் ஃப்ரேஷ் வாங்கிக்கொள்ளுங்கள், குளிர்ப்பெட்டி கட்டாயம். தங்குமிடத்தில் அடுப்பு இருந்தால் போதும். 1 கிலோ உருளைக்கிழங்குக்கு 400 கிராம் தோம் கணக்கு, சிறு தீயில் கை ஓயாமல் கிளறுங்கள்.