சுபேதார் பதில்கள்: "லடாக் போக மாட்டேன்" என்கிறான்

பட்டாள வேலை, லீவு, பென்ஷன், வழக்கு என்று வாசகர்கள் கேட்பதற்கு வேலூர் மாவட்டம் கணியம்பாடி பக்கம் வசிக்கும் ஓய்வுபெற்ற சிக்னல்ஸ் சுபேதார் பதில் சொல்கிறார்.

கேள்வி: என் அக்கா மகன் பட்டாளத்தில் டிரைவர், ஆறு வருஷ சர்வீஸ். லீவில் வந்திருந்தபோது யூனிட் லடாக் போகிறது என்று போன் வந்தது. "நான் போக மாட்டேன் மாமா" என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டான். லீவு முடிந்து இரண்டு வாரம் ஆகிறது. ராஜினாமா எழுதி அனுப்பினால் போதுமா? தெரிந்த வக்கீல் ஒருவர் டாக்டர் சர்டிபிகேட் வாங்கி அனுப்பச் சொல்கிறார்.
- பெயர் வேண்டாம், குடியாத்தம்

இதைப் படித்து முடிக்கும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம். பையனை யூனிட்டுக்கு இப்போதே போன் போடச் சொல்லுங்கள். கம்பெனி சீனியர் ஜேசிஓ (சுபேதார் மாதிரி இளநிலை அதிகாரி) நம்பர் அவனிடம் கட்டாயம் இருக்கும். "சாப், நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இன்ன தேதிக்கு வருகிறேன்." அவ்வளவு போதும், கதை எதுவும் வேண்டாம்.

ஜவானுக்கு ராஜினாமா என்று ஒன்று கிடையாது. நீங்கள் எழுதி அனுப்பும் கடிதம் அவன் ஃபைலில் ஒரு தாளாகக் கிடக்கும், அதனால் வேலை போய்விடாது. சத்தியப் பிரமாணம் எடுக்கிற கசம் பரேடில் அவன் கை வைத்துச் சொன்னது என்ன? தரை வழியோ கடல் வழியோ வான் வழியோ, அனுப்புகிற இடத்துக்குப் போவேன், உயிருக்கே ஆபத்து என்றாலும் உத்தரவை நிறைவேற்றுவேன் என்பதுதான். லடாக் பிடிக்கவில்லை என்று சொல்ல அதில் இடமே இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1950ஆம் வருஷத்து ராணுவச் சட்டத்தில் 39வது பிரிவு, லீவு முடிந்தும் தகுந்த காரணமில்லாமல் திரும்பாதவனுக்கானது. மூன்று வருஷம் வரை சிறை. லீவில் இருப்பவன், தன் யூனிட்டுக்கு ஆக்டிவ் சர்வீஸ் (போர்க்களப் பணி) உத்தரவு வந்திருப்பதை முறையாகத் தெரிந்துகொண்ட பிறகும் உடனே போய்ச் சேராமல் இருப்பதும் இதே பிரிவில் வருகிறது. உங்கள் வீட்டுக் கதை கிட்டத்தட்ட இதுதான். ஆக்டிவ் சர்வீஸ் என்றால் குண்டு விழுகிற இடம் மட்டும் என்று நினைக்காதீர்கள். மத்திய அரசு அறிவிக்கை போட்டும் அப்படி ஆக்கலாம். இனி திரும்புவதே இல்லை என்கிற எண்ணத்தோடு இருந்தால் அது 38வது பிரிவு, ஓடிப்போன குற்றம். சாதாரண நேரத்தில் ஏழு வருஷம் வரை. ஆக்டிவ் சர்வீஸில், அல்லது அதற்கு உத்தரவு வந்த பிறகு ஓடினால் சட்டப் புத்தகத்தில் மரண தண்டனை வரை இருக்கிறது. அந்த அளவுக்குப் போனதை நான் பார்த்ததில்லை. டிஸ்மிஸ் ஆகிச் சிறைக்கும் போய்விட்டு, ஒரு ரூபாய் பென்ஷன் இல்லாமல் ஊர் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இரண்டு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை நல்லது. முப்பது நாள் தாண்டினால் யூனிட்டில் கோர்ட் ஆஃப் என்கொயரி என்கிற விசாரணைக் குழு உட்காரும், ஓடிப்போனவன் என்று பதிவாகும். போலீசுக்கும் கடிதம் வரும். அப்புறம் குடியாத்தம் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து வாசலில் நின்று கேட்கும்போது அக்கம்பக்கம் முழுக்கத் தெரிந்துவிடும். நாள் கடந்தால் விட்டுவிடுவார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மற்ற குற்றங்களுக்கு உள்ள மூன்று வருஷக் கெடு இதற்குக் கிடையாது. தானாகப் போய் நிற்பவனுக்கும் பிடித்துக் கொண்டுபோகப்படுபவனுக்கும் கிடைக்கிற மரியாதை வேறு வேறு. காட்பாடியில் ரயில் ஏறுகிற டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லுங்கள், தானே வந்தான் என்பதற்கு அது சாட்சி.

டாக்டர் சர்டிபிகேட்? நிஜமாகவே உடம்பு சரியில்லை என்றால் அரசு ஆஸ்பத்திரிக்கோ, சென்னை மிலிட்டரி ஆஸ்பத்திரிக்கோ போகட்டும். இல்லாத நோய்க்குச் சீட்டு வாங்கினால், நோய் நடிப்பது என்று அதற்கே தனிப் பிரிவு இருக்கிறது. அந்த வக்கீல் கேஸ் பிடிக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஒன்றை நீங்கள் எழுதவே இல்லை. ஏன் போக மாட்டேன் என்கிறான்? என் சர்வீஸில் பார்த்தவரை, இப்படி அடம்பிடித்தவர்களில் பெரும்பாலோருக்கு எல்லையைப் பார்த்துப் பயமில்லை. வீட்டில்தான் ஏதாவது எரிந்துகொண்டிருக்கும். பங்காளி வரப்பை வெட்டியிருப்பான், மனைவி மாசமாக இருப்பாள், மாமியார் மருமகள் சண்டை, இல்லையென்றால் கந்துவட்டி. இதில் ஒன்று என்றால் அதற்கு வழி இருக்கிறது. நிலத் தகராறு என்றால் சிஓ, அதாவது யூனிட்டின் தலைமை அதிகாரி, கையெழுத்தோடு கலெக்டருக்குக் கடிதம் போகும். எல்லையில் சிறப்புச் சூழலில் பணியாற்றும் சிப்பாய் கோர்ட்டுக்கு வர முடியாத நிலையில், அவன் மேல் உள்ள சிவில் வழக்கை நிறுத்தி வைக்க 1925லேயே தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள், இன்றும் இருக்கிறது. குடும்பக் கஷ்டத்துக்காகப் பக்கத்தில் மாறுதல் கேட்கலாம், முன்கூட்டியே டிஸ்சார்ஜும் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் அதிகாரி கையில். ராணுவச் சட்டத்தின் 26வது பிரிவில் மேலே முறையிடலாம். ஆனால் மாறுதலையும் லீவையும் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் விசாரிக்காது, அங்கே போய்ப் பணத்தை விடாதீர்கள். இதையெல்லாம் யூனிட்டுக்குள் நின்றுதான் கேட்க முடியும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் எவனும் மதிக்க மாட்டான்.

வெறும் பயம் என்றால், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. லடாக்கில் இறங்கிய உடனே வேலைக்கு விரட்ட மாட்டார்கள். 9,000 அடிக்கு மேல் முதலில் ஆறு நாள் உடம்பைப் பழக்குவார்கள், முதல் இரண்டு நாள் ஓய்வுதான். மேலே ஏற ஏற மறுபடி நான்கு நான்கு நாள். நம்ம ஊர் வெயிலில் வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர் போய் வந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஜூலை 10 வந்தால் மக்கான் நினைவுத் தூணுக்கு மாலை போடுகிறோம். கோட்டைச் சிப்பாய்களும் உத்தரவை மீறியவர்கள்தானே? அன்றைக்கு வீரன், இன்றைக்கு மீறினால் ஓடுகாலியா?
- கல்லூரி மாணவர், காட்பாடி

நல்ல கேள்வி, தம்பி. நானும் மாலை போடுகிறவன்தான்.

1806இல் வேலூர்க் கோட்டையில் நடந்ததை வெறும் தொப்பிச் சண்டை என்று சுருக்கக் கூடாது. நெற்றிக் குறி வேண்டாம், கடுக்கன் வேண்டாம், தாடியை எடு, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைப் போடு என்று மதராஸ் படைத் தலைவர் கிரடாக் காலத்தில் உத்தரவு வந்தது. சிப்பாய்கள் எடுத்த எடுப்பில் துப்பாக்கி தூக்கவில்லை. மே மாதமே மாட்டோம் என்று சொல்லிப் பார்த்தார்கள், பதிலுக்குக் கசையடிதான் விழுந்தது. இரண்டு பேருக்கு ஆளுக்கு 900 அடி. ஜூலையில் கோட்டை பற்றி எரிந்தது. அன்று காலையே ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையைத் திரும்பப் பிடித்து, அகப்பட்டவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டார். கடைசியில் அந்த உடை உத்தரவையும் விட்டார்கள், கிரடாக்கையும் கவர்னர் பெண்டிங்கையும் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். மே மாதம் ஒரு அதிகாரி காது கொடுத்திருந்தால் அத்தனை பேரும் பிழைத்திருப்பார்கள்.

அனுப்பிய இடத்துக்குப் போக மாட்டோம் என்ற கதை வேண்டுமென்றால் 1824, கல்கத்தா பக்கம் பாரக்பூர். பர்மா சண்டைக்குப் போகச் சொன்னார்கள். மூட்டை சுமக்க மாடு இல்லை, கூடுதல் படி இல்லை. 47வது ரெஜிமென்ட் நகர மறுத்தது. பீரங்கி வைத்துச் சுட்டார்கள்.

அவர்கள் வெள்ளைக்காரக் கம்பெனியின் கூலிப் பட்டாளம். அவர்களைக் கேட்டு யாரும் சட்டம் போடவில்லை. நமக்கோ கட்டாய ராணுவ சேவை இல்லை, நாமாகவே வரிசையில் நின்று மார்பளவு கொடுத்துச் சேருகிறோம். இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதற்காக எல்லா உத்தரவுக்கும் தலையாட்ட வேண்டும் என்பதில்லை. சட்டப்படியான உத்தரவை மீறுவதைத்தான் ராணுவச் சட்டத்தின் 41வது பிரிவு குற்றம் என்கிறது. 1930இல் பெஷாவரில், கையில் ஆயுதமில்லாத கூட்டத்தைச் சுடச் சொன்னபோது கார்வால் ரைபிள்ஸ் சந்திர சிங் சுட மறுத்தார், ஆயுள் தண்டனையும் வாங்கினார். அவர் ஓடவில்லை, அணியில் நின்ற இடத்திலேயே மாட்டேன் என்றார். அவருக்கு என் சல்யூட் உண்டு.

கேள்வி: வெளிநாடுகளில் "இந்தப் போர் தப்பு, போக மாட்டேன்" என்று சொன்னால் விட்டுவிடுவார்களாமே?
- வாசகி, ஆரணி

யாரம்மா விட்டார்கள்? ஈராக் போக மறுத்த இங்கிலாந்து விமானப்படை டாக்டர் கெண்டல்-ஸ்மித்துக்கு 2006இல் எட்டு மாதம் சிறை. அமெரிக்க சார்ஜென்ட் கமிலோ மெஹியா, ஒரு முறை போய் வந்தவர், திரும்பப் போக மறுத்ததற்கு 2004இல் ஒரு வருஷம். ஈராக் போக மறுத்த வாட்டாடா என்கிற அமெரிக்க லெப்டினன்ட் மட்டும் வழக்கு பாதியில் முறிந்ததால் 2009இல் வெளியே வந்தார். போர் என்றாலே கூடாது என்பவருக்கு அமெரிக்காவில் விதிவிலக்கு உண்டு, குறிப்பிட்ட ஒரு போரை மட்டும் மறுப்பவருக்கு இல்லை. நம் சட்டத்தில் இரண்டும் இல்லை.

கேள்வி: அமைதிப்படையில் இலங்கை போனேன் என்று எழுதியிருந்தீர்கள். தமிழர்கள் மேலேயே துப்பாக்கி. மறுக்கத் தோன்றவில்லையா?
- ஆசிரியர், போளூர்

தோன்றியது. போனேன். அம்மா கடிதத்தில், "அங்கே யாரைடா சுடுகிறாய்?" என்று எழுதினாள், அதற்கு மட்டும் பதில் எழுதவில்லை.

வவுனியாவில் சோதனைச் சாவடி டியூட்டி. மொழிபெயர்க்கத் தமிழ் ஆள் வேண்டுமென்று சிக்னல் செட்டை விட்டு என்னை அங்கே நிறுத்துவார்கள். கூடையில் முருங்கைக்காயோடு வந்த ஒரு கிழவி என் பேச்சைக் கேட்டுவிட்டு, "தம்பி எந்த இடம்?" என்றாள். ஆற்காடு என்றேன், தெரியவில்லை. வேலூர் என்றதும் முகம் மலர்ந்தது. "வேலூர் ஆஸ்பத்திரியோ? என்ர தங்கச்சியை அங்கதான் கொண்டுபோனனாங்கள்." அப்புறம் என் தோளைப் பார்த்துக் கேட்டாள்: "பிறகேன் தம்பி துவக்கோட நிக்கிறியள்?" பின்னால் வரிசை நின்றது. கூடையைக் கிளறாமல் போகச் சொன்னேன்.

எங்கள் யூனிட்டில் ஒருவன், உங்கள் பக்கத்து ஆள்தான், வீடு வீடாகத் தேடுகிற வேலை என்னால் ஆகாது என்று சிஓ முன்னால் முறைப்படி போய் நின்று சொன்னான். சிஓ ஒரு பஞ்சாபி. திட்டித் தீர்த்தார். ஆனால் மறுநாளே அவனை ரேஷன் ஸ்டோருக்கு மாற்றிவிட்டார். கடைசிவரை அரிசி மூட்டை எண்ணினான், முழு சர்வீஸ் முடித்துப் பென்ஷனோடு ஊர் வந்தான். எல்லா சிஓவும் அப்படி இருக்க மாட்டார், அதுவும் உண்மை.

கேள்வி: மகன் அக்னிவீர், இரண்டாவது வருஷம். பிடிக்கவில்லை என்கிறான். வந்துவிடலாமா?
- ஒரு தாய், கம்மவான்பேட்டை

உங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர், என்னைக் கேட்கிறீர்களே அம்மா! தானாக விலகக் கேட்டு எழுதலாம், ஒப்புக்கொள்வது ராணுவத்தின் இஷ்டம். அப்படி வந்தால், நாலு வருஷ முடிவில் மொத்தமாகக் கொடுக்கிற சேவா நிதியில் அவன் சம்பளத்தில் பிடித்ததும் வட்டியும்தான் வரும், அரசு போட்ட பங்கு வராது. அவனுக்கு வருஷத்துக்கு 30 நாள் லீவு உண்டு. அடுத்த முறை வரும்போது பக்கத்துத் தெரு ஹவில்தார் யாரிடமாவது உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்க வேண்டாம். எழுதுவதென்றால் யூனிட்டில் இருந்தபடியே எழுதட்டும். லீவில் வந்து தங்கிவிடக் கூடாது.