எலா அடயெவ்ஸ்கி: இந்தப் பெயர் எங்கிருந்து வந்தது, இவர் செய்தது என்ன?

இசையமைப்பாளரும் நாட்டார் இசை ஆய்வாளருமான இவருக்கு அடயெவ்ஸ்கி குடும்பப் பெயர் அல்ல, புனைபெயர். 1846-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்தவரின் குடும்பப் பெயர் ஷுல்ட்ஸ். ரஷ்ய இசையமைப்பாளர் கிளிங்காவின் 'ருஸ்லானும் லுத்மிலாவும்' ஓபராவில் (இசை நாடகத்தில்) டிம்பனி முரசுகள் அடிக்கும் ஏ-டி-ஏ சுரங்களைக் கோத்துப் பெயராக்கிக்கொண்டார். ரஷ்யாவில் இவற்றை லா-ரே-லா என்பார்கள். சுரங்களை ஏ, டி என எழுத்துகளால் அழைக்கும் ஜெர்மன் முறை தெரியாவிட்டால் இந்தப் புதிர் அவிழாது.

பியானோவைப் பியானோ கலைஞர் ஹென்செல்ட்டிடம் கற்றார். 1877-இல் எழுதிய 'விடுதலையின் விடியல்' ஓபராவை ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாந்தருக்கே காணிக்கையாக்கினார். ஆனால் அதில் விவசாயிகள் கிளர்ச்சிக் காட்சி இருந்ததால் தணிக்கை மறுத்துவிட்டது. கிளாரினெட்டுக்கும் பியானோவுக்குமான 'கிரேக்க சொனாட்டா' 1881-இல் வந்தது. மறு ஆண்டு வெனிஸுக்குக் குடிபெயர்ந்தார்.

என் பார்வையில் ஆய்வாளராக இவர் இன்னும் பெரியவர். வடகிழக்கு இத்தாலியின் ரெசியா பள்ளத்தாக்கில் ஸ்லாவிய வட்டாரமொழி பேசும் மக்களின் பாட்டையும் ஆட்டத்தையும் 1883-இல் நேரில் கேட்டுக் குறித்தார். ஒலிப்பதிவுக் கருவி களத்துக்கு வராத காலம், காதும் பென்சிலும்தான். 1926-இல் ஜெர்மனியின் பான் நகரில் இறந்தார்.