அந்த ஆஸ்பத்திரி வாடை – வாசகர் கடிதமும் பதிலும்

அண்ணா வணக்கம்,
மச்சான் ஃபாரின்ல இருந்து லாஃப்ராய்க் 10 வருஷ விஸ்கி பாட்டில் கொண்டு வந்தார். தொறந்தா ஒரே ஆஸ்பத்திரி வாடை. கெமிக்கல் ஏதாவது கலக்குறாங்களா? மாமனாருக்கு கிஃப்ட் குடுக்க 12 வருஷம் நல்லதா, 18ஆ? கோலா ஊத்திக்கலாமா?
– ஒரு வாசகன், ஈரோடு

தம்பி,

கோலா பேச்சை விடுங்க. ரெண்டு நாளா எனக்கு ஸ்காட்லாந்தோட ஐலா தீவு ஞாபகமாவே இருந்துச்சு, சரியா உங்க லெட்டர் வருது. அங்க லாஃப்ராய்க் விஸ்கி ஆலைல பார்லியை ஊறவச்சு தரைல பரப்பி முளைகட்டுறதை நேர்ல பாத்தேன், நம்ம வீட்டுல கேழ்வரகு முளைகட்டுற மாதிரியேதான். அங்க வேலை செய்யறவர் ஒரு மணியை நசுக்கி சுவத்துல இழுத்தார், சாக்பீஸ் மாதிரி வெள்ளைக்கோடு விழுந்துச்சு, பதம் வந்துருச்சாம். அப்புறம் அதை பீட் புகைல காயவைக்கணும். பீட்னா சதுப்புல ஆயிரக்கணக்கான வருஷமா மக்கின பாசி, புல்லு எல்லாம், செங்கல் மாதிரி வெட்டி காயவச்சு எரிக்கிறாங்க. மரம் கம்மியான தீவு, ஒரு காலத்துல வீட்டு அடுப்புக்கே அதுதான் விறகு. அந்தப் புகைல பீனால்னு மருந்து வாடை அடிக்கிற ஒரு பொருள் இருக்கு. 1865ல கிளாஸ்கோ ஆஸ்பத்திரில ஜோசஃப் லிஸ்டர்ங்கற டாக்டர் காயத்துல சீழ் பிடிக்காம இருக்க போட்ட கார்பாலிக் ஆசிட் இருக்கே, அதுவும் பீனால்தான்! உங்க மூக்கு சரியாத்தான் சொல்லிருக்கு தம்பி, நீங்கதான் அதை கெமிக்கல்னு அசிங்கப்படுத்திட்டீங்க.

கோவம் வருது, சொல்லிடுறேன். கரும்பு மொலாசஸ் ஸ்பிரிட்டை கலந்து விஸ்கினு லேபிள் ஒட்டி நம்ம ஊர்ல விக்கிறான், ஐரோப்பால அதை விஸ்கினு பேர் போட்டு விக்கவே முடியாது, தானியத்துல வடிச்சாத்தான் விஸ்கி. அதை குடிக்கறப்ப ஒருநாளாவது என்ன கலந்திருக்குனு கேட்டீங்களா? பார்லி, தண்ணி, ஈஸ்ட், புகைனு செஞ்சவன்கிட்ட வந்து சந்தேகப்படுறீங்க.

எல்லா ஸ்காட்சும் புகையாது. ஸ்காட்லாந்துலயே ஸ்பேசைடு பக்கம் பெரும்பாலும் புகையே இருக்காது, பழம், தேன் வாசம்தான். ஐரிஷ்காரன் மால்ட் வரிக்கு, அதாவது முளைகட்டுன பார்லிக்கு போட்ட வரிக்கு பயந்து முளைகட்டாத பார்லியை கலக்க ஆரம்பிச்சான், அதுவே தனி ருசியா நின்னுடுச்சு. அமெரிக்க விஸ்கியான போர்பன்ல பாதிக்கு மேல மக்காச்சோளம்.

எங்க பாட்டி வரட்டி அடுப்புல காய்ச்சற பால்லயும் புகை அடிக்கும், வேணாம்னு தட்டிவிட்டு ஓடுவேன். கேஸ் அடுப்பு வந்த அப்புறம் அந்தப் பாலை தேடித்தேடி அலைஞ்சிருக்கேன், கிடைக்கல.

பாட்டிலை யாருக்கும் தூக்கிக் குடுத்துடாதீங்க. கொஞ்சமா ஊத்தி ஒரு ஸ்பூன் தண்ணி விட்டு பத்து நிமிஷம் வச்சுட்டு மோந்து பாருங்க. புகைக்கு அடில லேசா வெண்ணிலா வாசம் வரும், பழைய போர்பன் பீப்பாய்ல பத்து வருஷம் கிடந்த வாசம் அது.